முழங்காலில் 'டப்' என்று கேட்டதா? கொழும்பில் விளையாடுகிறவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கை ஒன்றில் பிசியோதெரபி செய்கிறேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வருகிறவர்களில் பாதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். பாடசாலை வலைப்பந்தாட்டப் பிள்ளைகள், சனிக்கிழமை இரவு ஃபுட்சால் ஆடும் வங்கி உத்தியோகத்தர்கள், சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இதை வாசித்துவிட்டு ஆளை நேரில் காட்டாமல் விடாதீர்கள். முழங்காலைக் கையால் பிடித்துப் பார்க்காமல் யாராலும் முடிவு சொல்ல முடியாது.

காயம்பட்டு வருகிறவரிடம் நீங்கள் முதலில் கேட்பது என்ன?

"வீக்கம் எத்தனை மணிக்கு வந்தது?"

ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்களிடமும் இதைத்தான் கேட்பேன். அடிபட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் பந்துபோல உருண்டால் உள்ளே பெரும்பாலும் இரத்தம் கசிந்திருக்கிறது. உள்ளிருக்கும் குறுக்கு நார் அறுந்திருக்கலாம், முழங்காலின் முன்னால் மூடிபோல இருக்கும் சில்லு விலகி வந்திருக்கலாம், எலும்பில் வெடிப்பு இருக்கலாம். இரவு படுக்கும்போது ஒன்றுமில்லாமல் விடிய எழும்பும்போது வீங்கியிருந்தால் அது மூட்டுநீர். மெனிஸ்கஸ் என்கிற உள்மெத்தை கிழிந்தால் அநேகமாக அப்படித்தான் நடக்கும். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த வலி என்றால் அது விழுந்ததால் வந்ததல்ல, அளவுக்கு மீறி உழைத்ததால் வந்தது.

ஒருமுறை கம்பஸ் பொடியன் ஒருவன் தாயுடன் வந்தான். ஒன்பது மணிக்கு ஃபுட்சால் முடிந்ததாம். வீக்கம் எப்போது வந்தது என்று கேட்டால் "நாளைக்குப் பார்ப்பம் எண்டு படுத்திட்டன், தெரியேல்லை" என்றான். தாய்தான் குறுக்கிட்டார்: "பத்தரைக்குக் குளிக்கப் போகேக்க ட்ரவுசரைக் கழட்ட ஏலாமல் நிண்டவன். முழங்காலில இறுகிப்போய்க் கிடந்தது." அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாக இருந்தது. ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில் காற்சட்டை இறுகுமளவு வீங்கியது இரத்தமாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. அதையே சொன்னது: ஏ.சி.எல். என்கிற குறுக்கு நார் அறுந்திருந்தது.

அடுத்து மூன்று கேள்விகள். சத்தம் ஏதும் கேட்டதா? தொடர்ந்து விளையாட முடிந்ததா? இப்போது நடக்கும்போது கால் 'விட்டுப்போகிறதா', அல்லது மடங்கிய நிலையில் இறுகி நிற்கிறதா? இந்த நான்குக்கும் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எப்போது நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கால் கோணலாக நின்றால். பாதம் குளிர்ந்து வெளிறிப்போனால், விரல்களில் உணர்ச்சி இல்லையென்றால், கெண்டைக்கால் கல்லுப்போல இறுகி வலி கூடிக்கொண்டே போனால். முழங்கால் மூட்டே கழன்றிருந்தால் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் கிழிந்திருக்கக்கூடும். அப்படியானால் ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரலாம். மூட்டு சில நேரம் தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடும், பார்த்தால் சாதாரண வீக்கம் போலத்தான் இருக்கும். அதனால் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், மற்றப் பாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மைதானத்தில் இருந்து 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமில்லாமல் வரும். ஓட்டோவில் மடக்கி ஏற்றுவதைவிட அது நல்லது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும்.

அடிபடாமலே முழங்கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அது மூட்டுக்குள் கிருமி ஏறியதாக இருக்கலாம். அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் என்ன செய்வது?

விளையாட்டை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "கொஞ்சம் ஓடினா இளகிடும்" என்று சொல்லும் நண்பர் எல்லா அணியிலும் ஒருவர் இருப்பார், அவர் சொல்லைக் கேட்காதீர்கள். கிரேப் பண்டேஜை இறுக்காமல் சுற்றி, குதிக்கால் நெஞ்சைவிட உயர இருக்கும்படி தலையணை வையுங்கள். ஐஸ் என்றால் ஈரத்துணியில் சுற்றி 15–20 நிமிடம். தோலில் நேரே வைத்து ஐஸ் சுட்ட தழும்போடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் பற்றி ஒரு விஷயம். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் 1978இல் ஒரே சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவரே பிற்காலத்தில் ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். என் நிலைப்பாடு இதுதான்: ஐஸ் வலிக்கு நல்லது, குணமாக்கும் மருந்தல்ல. முதல் ஓரிரு நாள் வைக்கலாம், இரண்டு கிழமைக்கு வைத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

முழு ஓய்வும் வேண்டாம். முதல் நாளிலேயே கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். தொடையின் முன்தசை இறுக வேண்டும். ஐந்து வினாடி பிடித்து விடுங்கள், பத்துத் தடவை, நாளுக்கு நாலைந்து முறை. முழங்கால் வீங்கினால் அந்தத் தசை தூங்கிப்போய்விடும். அதை எழுப்புவதற்குப் பிறகு மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும்.

எண்ணெய் போட்டு உருவலாமா? முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டலாமா?

அம்மம்மா இருக்கிற எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. தைலமோ பாமோ மெல்லப் பூசினால் வலி கொஞ்சம் மறக்கும், கெடுதல் இல்லை. ஆனால் முதல் மூன்று நாள் அழுத்தி உருவக்கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். உள்ளே கசியும் இரத்தம் கூடும். முறிவு நெரிவு வைத்தியர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன், தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கேட்பது ஒன்றுதான்: எக்ஸ்ரே எடுத்து எலும்பு உடையவில்லை என்று தெரிந்த பிறகு போங்கள். 'பிடித்து இழுத்து' நேராக்கும் வேலை முழங்காலில் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

வலிக்கு என்ன குளிசை?

முதலில் பனடோல். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

ஐபுபுரோபன், டைக்குளோபினாக் போன்றவை வீக்கத்துக்கும் கேட்கும். ஆனால் கொழும்பில் இருக்கிற நமக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. காய்ச்சல் அடித்தால், அல்லது வீட்டிலோ வகுப்பிலோ டெங்கு ஓடிக்கொண்டிருந்தால், இவற்றைத் தொடவே கூடாது; இரத்தப்போக்கைக் கூட்டும். மேட்ச்சில் விழுந்தவனுக்கு அடுத்த நாள் காய்ச்சல் வந்தால் "அடிபட்ட காய்ச்சல்" என்று நினைத்து டைக்குளோபினாக் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அல்சர், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக்கூடாது.

எக்ஸ்ரே போதுமா? எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டுமா?

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். நாரும் மெத்தையும் தெரியாது. எல்லாருக்கும் எக்ஸ்ரேயும் தேவையில்லை. கனடாவில் உருவான ஒட்டாவா முழங்கால் விதிகள் என்று ஒரு எளிய அளவுகோல் உண்டு. வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் அழுத்தினால் வலி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் துருத்தும் எலும்பு முனையில் வலி, 90 பாகைக்கு மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் வைத்தியர் பார்க்கும்போதும் நாலு அடி வைக்க முடியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பலர் விழுந்த அடுத்த நாளே தனியார் இடத்தில் காசைக் கொட்டி ஸ்கேன் எடுத்துவிட்டு, பிறகுதான் வைத்தியரைத் தேடுகிறார்கள். ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. புதுக் காயத்தில் வலியும் வீக்கமும் இருக்கும்போது சோதிப்பது கஷ்டம். ஒரு கிழமை பத்து நாள் கழித்து மறுபடி கையால் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், அல்லது சத்திரசிகிச்சை பற்றி யோசித்தால் ஸ்கேன் எடுக்கலாம். அரச வைத்தியசாலையில் இலவசம், காத்திருக்க வேண்டும். முழங்கால் இறுகி நீட்டவே முடியாதவர் மட்டும் காத்திருக்கக்கூடாது.

ஏ.சி.எல். என்றால் என்ன? எப்படி அறுகிறது?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே இரண்டு நார்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே பிணைக்கின்றன. முன்னால் உள்ளதுதான் ஏ.சி.எல். நீளம் மூன்று நான்கு சென்ரிமீற்றர்தான். கீழ்க்கால் முன்னுக்கு நழுவாமலும் முறுகாமலும் பிடித்திருப்பது அதன் வேலை.

மோதி விழுந்து அறுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் யாரும் தொடாமலே அறுகிறது. ஓடிவந்து சடாரென்று நிற்பது, பாதம் தரையில் பதிந்திருக்க உடம்பு திரும்புவது, துள்ளி ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரிவது இவைதான் கணக்கு. செயற்கைப் புல்லில் சப்பாத்து நன்றாகப் பிடிக்கும், பிடித்த பாதம் வழுக்காது, திரும்புகிற வேலை முழுக்க முழங்காலுக்குப் போய்விடும். 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவருக்கும் சில நேரம் கேட்கும். வலி ஐந்து பத்து நிமிடத்தில் குறைந்தும் விடலாம். அதுதான் ஆட்களை ஏமாற்றுவது. எழும்பி இன்னொரு முறை ஓடித் திரும்புவார்கள், கால் விட்டுப்போகும், அந்த இரண்டாவது முறையில் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியும்.

பின்னால் உள்ள நார், பி.சி.எல்., மடக்கிய முழங்காலில் நேரே விழும்போது அடிபடும். மோட்டார் சைக்கிள் விபத்திலும் அப்படித்தான். அது பெரும்பாலும் பயிற்சியாலேயே சரிக்கட்டப்படும்.

மகள் வலைப்பந்தாட்டம் விளையாடுகிறாள். பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். கூட அறுகிறது என்கிறார்களே?

உண்மைதான். ஒரே வகை விளையாட்டில் பெண்களுக்கு இரண்டு முதல் எட்டு மடங்கு வரை கூட என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இடுப்பின் அமைப்பு, ஹோர்மோன் என்று பல காரணம் பேசப்படுகிறது. நம்மால் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: குதித்து இறங்குகிற முறையும் அதற்கு வேண்டிய தசைப்பலமும். ஆண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலிருந்து ஜிம்மை எட்டிப் பார்க்கிறார்கள். பெண் பிள்ளைக்கு மேட்ச் இருக்கும், பலப்பயிற்சி இருக்காது. அந்தக் குறை பிள்ளையுடையதல்ல.

வலைப்பந்தாட்டத்தில் விதியே ஒரு காரணம். பந்தைப் பிடித்தபின் எட்டு வைத்து ஓடமுடியாது. முழு வேகத்தில் வந்து பிடித்து அங்கேயே உறைய வேண்டும். அந்த வேகம் முழுவதையும் முழங்கால் விழுங்குகிறது. தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றது நினைவிருக்கும். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவர் வளையத்தடியில் உயரத்தில் வரும் பந்தைப் பிடித்து இரண்டு காலிலும் இறங்கும் காட்சிகளை மகளோடு சேர்ந்து பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு படியிலிருந்து மகளை இரண்டு காலாலும் குதித்து இறங்கச் சொல்லி, முன்னால் நின்று தொலைபேசியில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். இறங்கும் கணத்தில் இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று தொடப் போகிறதா? அப்படியானால் காயம் வருவதற்கு முன்பே கூட்டி வாருங்கள். எனக்குப் பிடித்த நோயாளிகள் அவர்கள்தான்.

ஏ.சி.எல். அறுந்தால் ஒபரேஷன் கட்டாயமா?

இல்லை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சுவீடனில் 121 இளம் வயதினரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சையும் பயிற்சியும். மற்றப் பகுதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டாவது பகுதியில் இருந்த 59 பேரில் 23 பேர் இரண்டு வருடத்துக்குள் ஒபரேஷனுக்குப் போனார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. இரண்டு வருட முடிவில் இரு பகுதியினரின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன.

ஆனால் உங்கள் தம்பி பாடசாலை முதல் பதினைந்து றக்பி வீரன், மறுபடி ஆடியே தீருவான் என்றால் என் கணக்கு மாறும். வெட்டித் திரும்புகிற விளையாட்டுக்குப் போக நினைப்பவர், பயிற்சி செய்தும் கால் விட்டுப்போகிறவர், மெனிஸ்கஸும் தைக்க வேண்டிய அளவு கிழிந்தவர், இவர்களுக்கு ஒபரேஷன் நல்லது. காரியாலயத்துக்குப் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமை காலி முகத்திடலில் நடந்து, கடலில் குளிக்கிறவருக்கு மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி செய்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

எப்படியும் வீக்கம் வற்றி, கால் முழுக்க நீண்டு, தொடைத்தசை விழித்த பிறகுதான் ஒபரேஷன். விறைத்த முழங்காலில் செய்தால் விறைத்த முழங்காலே மிஞ்சும்.

ஒபரேஷன் செய்து எத்தனை மாதத்தில் விளையாடலாம்?

ஒன்பது மாதத்துக்கு முன் இல்லை. இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். ஆறாம் மாதம் வலி இருக்காது, ஓடலாம், பிள்ளைக்கு 'முடிந்துவிட்டது' என்று தோன்றும். பிக் மேட்ச் மார்ச்சில் என்றால் ஜனவரியிலேயே கோச் தொலைபேசி எடுப்பார். ஆனால் புதிதாக வைத்த நார் உயிருள்ள நாராக மாறி முதிர்வதற்கு அந்த நாள் போதாது. ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக நோர்வேயில் 2016இல் வந்த ஆய்வு காட்டியது.

பணமும் வசதியும் இருந்தால் சீக்கிரம் வரலாம் என்பவர்களுக்கு நான் பிரேசில் உதைபந்தாட்ட வீரர் நெய்மாரைத்தான் காட்டுவேன். 2023 ஒக்டோபரில் உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்காலில் ஏ.சி.எல்லும் மெனிஸ்கஸும் போயின. உலகத்தில் கிடைக்கக்கூடிய எல்லா வசதியும் இருந்தும் அவர் மறுபடி மைதானத்தில் கால் வைத்தது 2024 ஒக்டோபரில்.

மாதக்கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் பாயும் தூரமும் தொடைத்தசைப் பலமும் நல்ல காலின் அளவில் 90 வீதத்துக்குக் குறையக்கூடாது. மனமும் தயாராக வேண்டும். விழுந்த அதே இடத்துக்குப் பந்து வரும்போது கண்ணை மூடுகிற பிள்ளை இன்னும் தயாரில்லை.

றக்பியில் வெளிப்பக்கம் அடிபட்டது, உட்பக்கம் வலிக்கிறதே?

உட்பக்க நார், எம்.சி.எல்., இழுபட்டிருக்கும். நல்ல செய்தி: இதற்கு இரத்த ஓட்டம் உண்டு, தானாக ஆறும். இலேசான இழுப்பு ஒன்று முதல் மூன்று கிழமை, நடுத்தரம் நாலு முதல் ஆறு, முழுக்க அறுந்தால் பிரேஸ் போட்டு இரண்டு மூன்று மாதம். ஒபரேஷன் அபூர்வம்.

முழங்கால் மடங்கிய நிலையில் சிக்கிக்கொள்கிறது. ஏன்?

பாடப்புத்தகத்தில் கசியிழையம் என்று படித்தீர்களே, அந்த இனத்தில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் முழங்காலுக்குள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்பது அதுதான். குந்தியிருந்து முறுகி எழும்பும்போது கிழியும். கிழிந்த துண்டு வாளியின் கைபிடிபோலக் கிளம்பி மூட்டின் நடுவில் விழுந்தால் கதவிடுக்கில் துணி சிக்கியதுபோல் ஆகும், கால் நீளாது. அப்படி இறுகிய முழங்காலை ஒரு சில கிழமைக்குள் சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்தாக வேண்டும்.

மெத்தையின் வெளி ஓரத்துக்குத்தான் இரத்தம் வரும். அங்கே கிழிந்தால் தைக்கலாம், நாலு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். உள் ஓரம் கிழிந்தால் வெட்டி எடுப்பார்கள்; ஆறு கிழமையில் திரும்பலாம். இளம் வீரர்கள் எல்லாரும் இரண்டாவதைக் கேட்பார்கள், சீக்கிரம் என்பதால். தைக்கக்கூடியதை வெட்ட விடாதீர்கள். மெத்தை குறைந்த முழங்கால் நாற்பது வயதுக்கு முன்பே தேயத் தொடங்கலாம்.

நாற்பதைத் தாண்டியவரின் ஸ்கேனில் 'மெனிஸ்கஸ் கிழிவு' என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது நரைமுடி மாதிரி. வலியே இல்லாதவர்களிடமும் இருக்கும். இப்படியான தேய்வுக் கிழிவுகளுக்கு வெட்டியெடுக்கும் ஒபரேஷனையும், மூட்டுக்குள் கமராவால் பார்த்துவிட்டு மெத்தையை வெட்டாமல் செய்த பாவனை ஒபரேஷனையும் பின்லாந்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வந்த முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை.

சில்லு வெளிப்பக்கம் விலகிவிட்டது. மைதானத்தில் என்ன செய்வது?

அடித்துத் தள்ளாதீர்கள். பிள்ளையைச் சாய்த்து உட்கார வைத்து, காலை மெல்ல நீட்ட விடுங்கள். பலமுறை தானாகவே இடத்துக்கு வரும். வராவிட்டால் அப்படியே தாங்கி 1990. திரும்பி வந்தாலும் எக்ஸ்ரே வேண்டும், விலகும்போது எலும்புச் சிராய் உடைந்திருக்கலாம். வயது குறைந்தவர்களுக்கு மறுபடி விலகும் வாய்ப்பு அதிகம், அதனால் தொடைப் பயிற்சியை இடையில் விடாதீர்கள்.

விழவே இல்லை. படி இறங்கும்போது சில்லைச் சுற்றி வலிக்கிறது.

வெள்ளவத்தையில் லிஃப்ட் பழுதான அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் இதை முதல் நாளே கண்டுபிடிப்பார்கள். ஏறும்போதைவிட இறங்கும்போது கூட வலிக்கும், நீண்ட நேரம் மடக்கியிருந்து எழும்பினால் வலிக்கும். ஒன்றும் கிழியவில்லை. தொடையும் பிட்டத் தசையும் சோர்ந்ததால் சில்லின் மீது சுமை கூடியிருக்கிறது, அல்லது பயிற்சியைத் திடீரென்று கூட்டியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது, சுவரில் சாய்ந்து பாதி குந்துவது போன்ற பயிற்சியை ஆறு முதல் பன்னிரண்டு கிழமை செய்ய வேண்டும். நாலாம் கிழமையில் வலி குறைந்ததும் விட்டுவிட்டு, எட்டாம் கிழமையில் மறுபடி வருகிறவர்கள் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

மகனுக்கு 13 வயது. சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது.

வளரும் வயது. தொடைத்தசையின் நாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடம் இன்னும் முழு எலும்பாகவில்லை. ஓடிக் குதிக்கும்போது இழுபட்டுப் புண்ணாகிறது. 1903இல் இதை விவரித்த இருவரின் பெயரால் ஒஸ்குட்–ஷ்லட்டர் என்பார்கள். கோயிலில் முட்டுக்காலில் நிற்கும்போதும் தொழுகையில் அமரும்போதும் கூட வலிக்கும். விளையாட்டை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, நாளைக் குறைத்தால் போதும். பாடசாலை அணி, கிளப், சனிக்கிழமை அக்கடமி என்று மூன்று இடத்தில் ஆடுகிற பிள்ளைக்கு ஒன்றை விடச் சொல்லுங்கள். வளர்ச்சி முடிய வலியும் முடியும், புடைப்பு மட்டும் மிஞ்சலாம்.

ஒரு விதிவிலக்கு. விளையாட்டோடு சம்பந்தமில்லாமல், இரவில் தூக்கத்தில் எழுப்பும் வலி, ஒரு பக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும் வீக்கம் என்றால் உடனே எக்ஸ்ரே எடுங்கள். அபூர்வம்தான், ஆனால் பதின்ம வயதில் எலும்புப் புற்று அதிகம் தலைகாட்டும் இடம் முழங்காலைச் சுற்றித்தான்.

கரப்பந்தாட்டக்காரனுக்குச் சில்லுக்குக் கீழே நாண் வலி. ஊசி போடலாமா?

1991இலிருந்து நமது தேசிய விளையாட்டு கரப்பந்து. இந்த வலியும் அதோடு கூட வருகிறது. சில்லின் கீழ் நுனியில் விரல் வைத்தால் சரியாக ஒரே புள்ளியில் வலிக்கும். ஸ்டீரொயிட் ஊசியை அந்த நாணுக்குள் போட வேண்டாம். ஒரு மாதம் சுகமாக இருக்கும், பிறகு நாண் நலிந்து அறுந்தும் போகலாம். கேட்பது பாரப்பயிற்சிதான். முதலில் அசையாமல் 45 வினாடி தாங்குவது ஐந்து தடவை; வலி படிந்ததும் மெதுவாக, பாரமாகக் குந்தி எழும்புவது, பன்னிரண்டு கிழமை. செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம், அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

வேகப்பந்து வீச்சாளருக்கும் இதே சுமைக் கணக்குத்தான். லசித் மாலிங்க 2011 ஏப்ரலில் டெஸ்ட்டை விட்டதற்குச் சொன்ன காரணம் முழங்கால். ஒரு நாளில் இருபது ஓவரை விட்டு நாலு ஓவருக்கு வந்தவர், 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தைத் தலைவராக நின்று தூக்கினார்.

ஓடும்போது சரியாக மூன்றாம் கிலோமீற்றரில் வெளிப்பக்கம் வலிக்கிறது.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓடும் பட்டை எலும்போடு அழுந்துகிறது. தூரத்தைக் குறையுங்கள், எட்டுகளைக் கொஞ்சம் குறுக்கி நிமிடத்துக்கு ஐந்து பத்து வீதம் கூட வையுங்கள், இடுப்புப் பக்கத்தசையைப் பலப்படுத்துங்கள். ஒரே திசையில் ஒரே தடத்தைச் சுற்றுகிறவர்கள் ஒருநாள் மற்றப் பக்கமும் சுற்றலாம்.

முழங்காலில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. வலி இல்லை.

விடுங்கள்.

நீகப் என்கிற முழங்கால் உறை போட்டுக்கொண்டு விளையாடினால் பாதுகாப்புத்தானே?

பாமசியில் வாங்கும் துணி நீகப் சூட்டையும் ஒரு தைரியத்தையும் தரும், அவ்வளவுதான். அறுந்த நாரின் வேலையை அது செய்யாது. நீகப்பை நம்பித் திரும்பி வந்து மெனிஸ்கஸையும் கிழித்துக்கொண்டவர்களை எண்ண என் கைவிரல் போதாது.

காயம் வராமல் தடுக்க உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, இலவசம், யாரும் செய்வதில்லை. ஃபிஃபா 11+ என்ற தயார்ப்படுத்தல் பயிற்சி. எட்டு நிமிடம் மெல்லோட்டம், பத்து நிமிடம் பலம், துள்ளல், சமநிலை, கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம், கிழமைக்கு இரண்டு முறையாவது. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் உதைபந்தாட்ட வீராங்கனைகளிடம் பரீட்சித்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வலைப்பந்து, கூடைப்பந்துக்கும் உதவும்.

நம் கோச்மாருக்கு இருக்கிற சிக்கலும் விளங்குகிறது. மூன்றரைக்கு மைதானம் கிடைக்கும், ஐந்துக்குப் பிள்ளைகள் ரியூசனுக்கு ஓட வேண்டும், ஐப்பசி மழை நாலரைக்கே இறங்கும். அதில் இருபது நிமிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகள் கோச் வருமுன் தாங்களே தொடங்கலாம், தலைவிக்கு வரிசையைப் பாடமாக்கிக் கொடுத்தால் போதும். நான் போகும் ஒரு பாடசாலையில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி விசிலடித்து நடத்துகிறாள், ஒரு பயிற்சியைக்கூட விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை மேட்ச். வலிக்கு ஊசி போட்டு ஆடலாம் என்கிறார் கோச்.

வேண்டாம். முழங்கால் பேசுவது வலியால்தான், அதன் வாயைப் பொத்திவிட்டு ஓட விடாதீர்கள். கோச் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்திருந்தால் ரிப்போர்ட் மட்டுமல்ல, படமும் சீடியும். விளையாடும் சப்பாத்து, கழுவாமல். அடி தேய்ந்த விதம் பார்க்க வேண்டும். மேட்ச்சை யாராவது வீடியோ எடுத்திருந்தால் அது. வீட்டில் அன்றிரவு பிள்ளையோடு இருந்தவர் யாரோ அவரையும் கூட்டி வாருங்கள். அரைக்காற்சட்டை போட்டு வாருங்கள். ஒட்டிய ஜீன்ஸோடு வந்தால் என் அலுமாரியில் இருக்கும் பழைய பச்சை நிறக் காற்சட்டையைத்தான் தருவேன். அது எல்லாருக்கும் பெரிசு.